நாலு பேர், இரண்டு நாள்: கால்வேயா, கார்க்கா, பெல்ஃபாஸ்டா?

கேள்வி: டப்ளினில் முதுநிலை படிக்கிறேன், அயர்லாந்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மார்ச் கடைசி வார இறுதியில் தோழிகள் நாலு பேர் ஊர் சுற்றக் கிளம்புகிறோம். மூன்று பேருக்கு இந்திய பாஸ்போர்ட், ஒருத்திக்கு மலேசிய பாஸ்போர்ட். வெள்ளி மாலை வகுப்பு முடிந்ததும் புறப்பட்டு கால்வே, மோஹர் பாறை முகடு, கார்க், பெல்ஃபாஸ்ட் எல்லாம் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு அறைக்கு வந்துவிட வேண்டும். ஆளுக்கு 150 யூரோ. முடியுமா?

பதில்: நாலும் முடியாது. கால்வேயும் மோஹரும் முடியும், நிதானமாகவே முடியும். கார்க்கைத் தனியாக வேறொரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். பெல்ஃபாஸ்டைப் பட்டியலிலிருந்து இப்போதே அடித்துவிடுங்கள். அதற்கு நேரம் போதாது என்பதைவிட விசாதான் பெரிய தடை.

பெல்ஃபாஸ்ட் இருப்பது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில். உங்கள் ஐஆர்பி அட்டையும் (அயர்லாந்து வதிவிட அனுமதி) மாணவர் விசாவும் அயர்லாந்துக் குடியரசோடு நின்றுவிடும். டப்ளின் கானொலி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் இரண்டு மணி நேரச் சொச்சத்தில் பெல்ஃபாஸ்ட் வந்துவிடுகிறது. எல்லையில் சாவடி கிடையாது. சாலையில் போனால் வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறுவதை வைத்துத்தான் எல்லை தாண்டியதே தெரியும். ‘சீனியர்கள் எல்லாரும் போய்விட்டு வந்தார்களே’ என்ற பேச்சு கிளம்புவது இதனால்தான். சாவடி இல்லை என்றால் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. பஸ்ஸிலும் ரயிலிலும் அவ்வப்போது அதிகாரிகள் ஏறிச் சோதிப்பதுண்டு. மாட்டினால், விசா இல்லாமல் பிரிட்டனுக்குள் நுழைந்த குற்றம் உங்கள் பெயரில் ஏறும். அடுத்து எந்த நாட்டு விசா படிவம் நிரப்பினாலும் அந்தக் கேள்வி வந்து நிற்கும். டப்ளினிலிருந்து கிளம்பி வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வேக்குப் போகும் ஒருநாள் சுற்றுலாவுக்கும் இதே கதைதான். டிக்கெட் விற்பவர் விசா கேட்கவில்லை என்பதால் அது தேவையில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் அம்மா அப்பா இந்தியாவிலிருந்து குறுகிய கால விசாவில் வந்து, அதில் பிஐவிஎஸ் (பிரிட்டிஷ்–ஐரிஷ் விசா திட்டம்) என்ற குறிப்பும் இருந்தால் அவர்கள் பெல்ஃபாஸ்ட் போகலாம். இங்கேயே குடியிருக்கும் நீங்கள் போக முடியாது; உங்களுக்குத் தனியாக பிரிட்டன் விசா வேண்டும். மலேசியத் தோழிக்கு விசா தேவையில்லை. அயர்லாந்தில் முறைப்படி வசிப்பவர் என்பதால் பிரிட்டனின் இடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியும் தேவையில்லை, வசிப்பதற்குச் சான்றாக ஐஆர்பி அட்டை கையில் இருந்தால் போதும். ஆனால் மூவரை விட்டுவிட்டு அவர் மட்டும் எதற்குப் போக வேண்டும்?

இதிலேயே இன்னொரு கண்ணி இருக்கிறது. டோனிகால் மாவட்டம் குடியரசைச் சேர்ந்ததுதான். ஆனால் டப்ளினிலிருந்து லெட்டர்கென்னி போகும் 32ஆம் எண் பஸ் ஓமா, ஸ்ட்ரபேன் வழியாகவும், டோனிகால் போகும் 30ஆம் எண் பஸ் எனிஸ்கிலன் வழியாகவும் போகின்றன. மூன்றுமே வட அயர்லாந்து ஊர்கள். பின்னால் வடமேற்குப் பக்கம் போக ஆசைப்பட்டால் கானொலியிலிருந்து ஸ்லைகோவுக்கு நேரடி ரயில் உண்டு, மூன்று மணி நேரம். முழுக்கக் குடியரசுக்குள்ளேயே போகும்.

இனி, கார்க்கும் கால்வேயும் ஏன் ஒரே வார இறுதியில் ஒட்டாது? அயர்லாந்தின் ரயில் பாதைகளைப் பனையோலை விசிறியாக நினைத்துக்கொள்ளுங்கள். டப்ளின் அதன் காம்பு, மற்ற ஊர்களெல்லாம் ஓலை நுனிகள். காம்பிலிருந்து எந்த நுனிக்கும் சுலபமாகப் போகலாம். நுனியிலிருந்து நுனிக்குப் போவதுதான் பாடு. டப்ளின்–கால்வே சுமார் இரண்டரை மணி நேரம், டப்ளின்–கார்க்கும் அதே அளவு. கால்வேயிலிருந்து கார்க்குக்கு நேரடி ரயிலே இல்லை. இரண்டு மூன்று முறை மாற வேண்டும். லிமெரிக் வழியாக ஓடும் 51ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சனிக்கிழமையின் பாதிப் பகலை அதற்குக் கொடுத்துவிட்டால் இரண்டு ஊரையும் பஸ் ஜன்னலில்தான் பார்த்திருப்பீர்கள்.

வெள்ளிக்கிழமை ரயிலில் போங்கள். மாலை நாலு முதல் ஏழு வரை டப்ளினை விட்டு மேற்கே போகும் சாலை நெரிசலில் சிக்கும் கோச் எப்போது வந்து சேரும் என்று சொல்ல முடியாது. கால்வே, கார்க் ரயில்கள் இரண்டும் ஹியூஸ்டன் ஸ்டேஷனிலிருந்து புறப்படுபவை. கானொலி நகரின் மறுகோடியில் இருக்கிறது. தவறிப் போய் இறங்கினால் சிவப்பு லைன் லூவாஸ் டிராமில் கால் மணி நேரம் பிடிக்கும், அதற்குள் ரயில் போயிருக்கும். டிக்கெட்டை ஐரிஷ் ரயில் தளத்தில் மாணவர் கட்டணத்தில் முன்கூட்டியே எடுங்கள், இருக்கையையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள். இருக்கைக்கு மேலே உள்ள சின்னத் திரையில் உங்கள் பெயர் ஓடும். அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் திரையைக் காட்டினாலே எழுந்துவிடுவார்கள். மாணவர் டிக்கெட்டோடு மாணவர் லீப் கார்டும் (பொதுப் போக்குவரத்து அட்டை) கையில் இருந்தாக வேண்டும். கல்லூரி அடையாள அட்டை அதற்கு ஈடாகாது. பரிசோதகர் பிடித்தால் 100 யூரோ அபராதம், கட்டணம் தனி. கிளம்பும் முன் நாலு பேரும் கார்டின் காலாவதித் தேதியைப் பாருங்கள், பலர் கோட்டை விடுவது அதில்தான்.

கால்வேயில் ரயில் நிலையமும் கோச் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில், ஏர் ஸ்கொயரை ஒட்டி இருக்கின்றன. விடுதியை அந்தச் சதுக்கத்திலிருந்து பத்து நிமிட நடைக்குள் பிடியுங்கள். ‘கால்வே’ என்று போட்டு மலிவாகக் கண்ணில் படும் இடங்களில் பாதி, ஊருக்கு வெளியே இருப்பவை; இரவு டாக்சிக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்தது கரைந்துவிடும். பகிர்வறையில் நாலு கட்டிலையும் ஒரே பதிவில் எடுத்தால் ஒரே அறை கிடைக்க வாய்ப்பு அதிகம். சமையலறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சனிக்கிழமை மோஹர். இதற்காக டப்ளினிலிருந்து போய்வரும் ஒருநாள் கோச் சுற்றுலாக்களும் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்தில் பாதிக்கு மேல் பஸ்ஸுக்குள்ளேயே போய்விடும் என்பதால் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டோம். கால்வேயிலிருந்து 350ஆம் எண் பஸ் டூலின் வழியாக மோஹர் வாசலிலேயே இறக்கிவிடும். சுமார் இரண்டு மணி நேரம். போகும்போது வலது பக்கம் உட்காருங்கள், விரிகுடா அந்தப் பக்கம்தான். குளிர்கால அட்டவணையில் பஸ் குறைவு. ஆகவே இறங்கியதும் முதல் வேலையாக, திரும்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தையும் அதற்கு முந்தைய பஸ்ஸின் நேரத்தையும் நிறுத்தத்தில் பார்த்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தையதில் ஏறுவதாகத் திட்டமிட்டால் கடைசி பஸ் காப்பாக இருக்கும். அதையும் விட்டால் எழுபது கிலோமீட்டருக்கு மேல் டாக்சி. நேரம் பார்த்து அலையப் பிடிக்காதென்றால் கால்வேயிலிருந்தே கிளம்பும் ஒருநாள் கோச் இருக்கிறது, பர்ரன் சுண்ணாம்புப் பாறைவெளியிலும் நிறுத்துவார்கள்.

முகடு எட்டு கிலோமீட்டர் நீளம், உச்சத்தில் 214 மீட்டர் உயரம். மேற்கே அட்லாண்டிக்கைப் பார்த்து நிற்பதால் காலையில் பாறை முகம் நிழலில் கறுத்துக் கிடக்கும்; படம் எடுத்தால் வெறும் கரிய சுவர்தான் வரும். மதியத்துக்கு மேல் வெயில் நேராக விழும்போதுதான் அடுக்கடுக்கான பாறை வரிகள் கண்ணுக்குத் தெரியும். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அதனால் நுழைவுச் சீட்டை வாரக்கணக்கில் முன்னால் வாங்காமல், வெள்ளி இரவு மெட் ஏரன் வானிலைக் கணிப்பைப் பார்த்துவிட்டு இணையத்தில் எடுங்கள்; கூட்டம் குறைந்த நேரத்துக்கு விலையும் குறைவு. சனி முழுக்க மழை, ஞாயிறு வெளிச்சம் என்றால் நாளை மாற்றிக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அட்டவணையைத் தனியாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

கல் பலகைகளை நட்டு எழுப்பிய தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒற்றையடிப் பாதை போட்டதுபோல் புல் தேய்ந்திருக்கும், நாலு பேர் நின்று படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். போகாதீர்கள். விளிம்பில் புல்லுக்கு அடியில் மண் சரிந்து வெறும் வாய் பிளந்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது; காற்றும் ஒரே சீராக அடிக்காது, தள்ளிவிட்டுச் சட்டென நிற்கும். அதே காற்றில் குடை ஒரு நிமிஷம் தாங்காது. தலைமூடி வைத்த மழை ஜாக்கெட்டும் பிடிமானமுள்ள ஷூவும் போதும். ஜீன்ஸ் நனைந்தால் மாலைவரை காயாது.

ஞாயிறு ஊருக்குள். மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்கு இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படுகிறது. கைபேசி தானே மாறிக்கொள்ளும். கைக்கடிகாரத்தை நம்பினால் விடுதியைக் காலி செய்யும் நேரம் தாண்டிவிடும். பதிலுக்கு, சூரியன் மறைய மாலை எட்டு மணி ஆகும். பையை விடுதியிலேயே வைத்துவிட்டு ஷாப் ஸ்ட்ரீட், கீ ஸ்ட்ரீட் வழியாக இறங்குங்கள். 1320இல் கட்டத் தொடங்கிய புனித நிக்கலஸ் தேவாலயம் வழியிலேயே இருக்கிறது. அதன் பக்கத்துச் சந்தில் கூடும் சந்தை சனிக்கிழமையில்தான் நிறைகட்டி இருக்கும், மோஹர் பஸ்ஸுக்கு முன் நேரம் இருந்தால் அன்றைக்கே பாருங்கள். கீழே ஆறு கடலில் சேரும் இடத்தில் ஸ்பானிஷ் ஆர்ச். அங்கிருந்து கிளாடா வழியாகக் கடலோரமாக சால்ட்ஹில் நடைபாதை, மூன்று கிலோமீட்டர் நடை. பாதை முடியும் பிளாக்ராக்கில் சுவரைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டுத்தான் திரும்புவது உள்ளூர்ப் பழக்கம். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். இதில் எதற்கும் காசு கிடையாது.

கார்க் போகும் வாரத்துக்கு மூன்று எச்சரிக்கை. 1788இலிருந்து நடக்கும் இங்கிலிஷ் மார்க்கெட் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். வழியில் ‘லிமெரிக் ஜங்ஷன்’ வந்ததும் லிமெரிக் வந்துவிட்டது என்று இறங்காதீர்கள். அது திப்பரரி மாவட்டத்தில் இருக்கும் ரயில் சந்திப்பு, லிமெரிக் நகரம் அங்கிருந்து இன்னொரு ரயிலில் அரை மணி. டைட்டானிக் கடைசியாக நின்ற துறைமுகத்துக்கு கார்க்கிலிருந்து 25 நிமிட ரயில் உண்டு. எழுத்தைப் பார்த்து ‘கோப்’ என்று கேட்பார்கள், ஊர்ப்பெயர் ‘கோவ்’. ஞாயிறை முழுசாக அதற்கே ஒதுக்கலாம். ஒருநாள் மட்டும் கிடைக்கும் வாரத்தில் கில்கெனி: ஹியூஸ்டனிலிருந்து ஒன்றரை மணி நேரம், கோட்டையும் இடைக்காலத் தெருக்களும் நடந்தே முடியும்.

பணக் கணக்கு. 150 யூரோவில் டப்ளின்–கால்வே போக வர 35, இரண்டு இரவுக் கட்டிலுக்கு 65, மோஹர் பஸ்ஸுக்கும் நுழைவுக்கும் 30 என்று ஒதுக்கினால் சாப்பாட்டுக்கு 20தான் மிஞ்சும். அதாவது இரவுச் சமையல் விடுதியில். சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, முட்டை வாங்கினால் நாலு பேருக்கு இரண்டு வேளை ஓடும். இந்தக் கணக்கு மார்ச்சுக்குத்தான். ஜூலைக் கடைசியில் கால்வே குதிரைப் பந்தய வாரத்திலோ, திங்கள் விடுமுறை சேர்ந்த வார இறுதியிலோ கட்டில் விலையே பட்ஜெட்டைத் தின்றுவிடும். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம், பாட்டில் வாங்காதீர்கள். வாங்கினால் அரை லிட்டர் வரை 15 சென்ட், அதற்கு மேல் 25 சென்ட் டெபாசிட் பிடிப்பார்கள், காலிப் பாட்டிலை நசுக்காமல் கடை எந்திரத்தில் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். வாடகைக் காரை மறந்துவிடுங்கள். 25 வயதுக்குக் கீழ் என்றால் பல இடங்களில் தரமாட்டார்கள், தந்தாலும் கூடுதல் கட்டணம், ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேறு கேட்பார்கள்.

சின்ன விஷயம் ஒன்று: பழைய கடைகளிலும் பப்களிலும் கழிவறைக் கதவில் ஐரிஷ் மட்டும் எழுதியிருக்கும். எம் எழுத்தில் தொடங்கினால் அது பெண்களுக்கு, எஃப் என்றால் ஆண்களுக்கு. நாம் ஊகிப்பதற்கு நேர் எதிர்.

திரும்பும்போது கோச். ஞாயிறு மாலை ரயிலில் விடுதி மாணவர்கள் கூட்டம் நெரியும், கடைசி ரயிலும் சீக்கிரம் போய்விடும். நேரடி கோச்சுகள் இரவிலும் ஓடுகின்றன, ஒன்றை விட்டால் அடுத்தது உண்டு. ஆனாலும் ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். இரண்டரை மணிப் பயணம், ஞாயிறன்று லூவாஸ் பதினொன்றரை வாக்கில் ஓய்ந்துவிடும். பெரும்பாலான கோச்சுகள் டப்ளின் ஆற்றங்கரையில் ஆளை இறக்கிவிட்டு விமான நிலையத்துக்குப் போகின்றன. ஒருத்தியாவது தூங்காமல் இருங்கள். இல்லாவிட்டால் நாலு பேரும் கண் விழிப்பது அங்கேதான்.