இணைய நண்பர்களுக்கு விசித்திரச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருப்பது வெட்டி வேலையா?

கேள்வியோடு நீங்கள் சேர்த்திருக்கும் விளக்கத்தையும் படித்தேன். நேரில் பார்த்திராத நண்பர்கள் சிலருக்கு உலகத்தின் மூலைமுடுக்குகளில் நடந்த விநோதங்களை அனுப்பி வருகிறீர்கள். அவர்களில் ஒருவர் "உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அதனால் இது வெட்டி வேலைதானா என்றும், நாளுக்கு எத்தனை அனுப்பலாம் என்றும் கேட்கிறீர்கள். நீங்கள் தலைப்பையும் படத்தையும் மட்டும் அனுப்பியிருப்பீர்கள், அவரோ அன்றைக்கு அதுபோன்ற தலைப்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய் இருந்திருப்பார் என்று ஊகிக்கிறேன். ஊகம் பிழையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது வெட்டி வேலை இல்லை என்பதுதான் என் பதில். ஆனால் எதை வெட்டிவிட்டு அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து அது வெட்டி வேலையாக ஆகிவிடவும் கூடும்.

நான் மதுரையில் ஒரு நாளிதழ் அலுவலகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன். விசித்திரச் செய்திகளை அங்கே பெட்டிச் செய்தி என்போம். செய்தி நிறுவனங்களிலிருந்து வரும் செய்தியில் முக்கியமானது முதல் பத்தியிலும், அதைவிடக் குறைந்தது அடுத்ததிலும் என்று கீழே போகப் போகக் கனம் குறைந்துகொண்டே வரும். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரம் வந்து இடம் குறைந்தால் அடியிலிருந்து வெட்டுவார்கள். விபத்து, தேர்தல், விலையேற்றம் பற்றிய செய்திகளுக்கு இந்த ஏற்பாடு முற்றிலும் சரியானது. விசித்திரச் செய்திக்கு மட்டும் இது பொருந்தாது, ஏனென்றால் அந்த விசித்திரம் ஏன் நடந்தது என்பது பெரும்பாலும் கடைசிப் பத்தியில்தான் இருக்கும். அந்தப் பத்தியை விட்டுவிடாதீர்கள் என்று நான் கேட்டபோதெல்லாம், "படிக்கிறவனுக்குச் சிரிப்பு வந்தால் போதாதா?" என்ற பதிலே கிடைத்தது. பின்னாளில் மெய்ப்புத் திருத்தும் பிரிவையே எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் உங்கள் கேள்வி அப்படியே நின்றுவிடும் என்பதால் விடுகிறேன்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் புளோரன்ஸ் என்ற ஊரின் கடற்கரையில், 1970 நவம்பரில், 45 அடி நீளமும் 8 டன் எடையும் கொண்ட ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியது. மாநில நெடுஞ்சாலைத் துறை அதன் அருகே அரை டன் டைனமைட்டை வைத்து வெடித்தது. சிதறும் துண்டுகளைக் கடற்பறவைகள் தின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு. கொழுப்புத் துண்டுகள் வேடிக்கை பார்த்தவர்கள் மேல் விழுந்தன. கால் மைல் தொலைவில் நிறுத்தியிருந்த ஒரு கார் நசுங்கியது. இணையத்தில் உலவும் வடிவம் இதோடு முடிந்துவிடுகிறது. படிப்பவர் சிரித்துவிட்டுப் போகிறார். நெடுஞ்சாலைத் துறைக்கும் திமிங்கலத்துக்கும் என்ன தொடர்பு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஓரிகனில் 1913இலேயே கடலோரத்தைப் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் அறிவித்திருந்தது. கடற்கரை யாருடைய தனிச்சொத்தாகவும் ஆகிவிடாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. அதன் பலனாக, ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, சாலை போடுகிறவர்களின் தலையில் திமிங்கலம் விழுந்தது. இந்த ஒரு வரியைச் சேர்த்து அனுப்பிப் பாருங்கள். திமிங்கலத்தைப் பற்றி இரண்டு வார்த்தைகூட வராத இடத்தில், கடற்கரை யாருக்குச் சொந்தம் என்ற பேச்சு இரவு முழுவதும் நடக்கும். எங்கள் சிறிய குழுவில் அப்படித்தான் நடந்தது.

அந்தக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து டொராண்டோவில் வாழும் ஒரு சகோதரி, பினாங்கில் பள்ளி ஆசிரியராக இருக்கும் ஒருவர், கோவில்பட்டியில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு தம்பி, இன்னும் இரண்டு மூன்று பேர். ஒருவரையொருவர் நேரில் பார்த்ததில்லை. எங்களைச் சேர்த்து வைத்திருப்பது இந்தச் செய்திகள்தான். ஒரு நாள் டொராண்டோ சகோதரி ஒரு படத்தை அனுப்பினார். பெரிய பெரிய அண்டாக்களில் பிரியாணி, முன்னால் ஒரு கூட்டம். கீழே, "ஐயா, இது உங்கட ஊர்ப் பக்கம்தானே? கோயில்ல பிரியாணி பிரசாதமாம், உண்மையே?" என்று எழுதியிருந்தார். அவர் எடுத்த ஆங்கிலச் செய்தியின் தொனியோ, உலகத்தில் இப்படியும் சில மனிதர்கள் இருக்கிறார்கள் பாருங்கள் என்பதாக இருந்தது.

அது திருமங்கலம் வட்டாரத்திலுள்ள வடக்கம்பட்டி முனியாண்டி கோயில் திருவிழா. என் பிறந்த ஊரும் அந்தப் பக்கம்தான். அதுவரை பிறருடைய ஊர்களைப் பார்த்து வியந்துகொண்டிருந்த எனக்கு, என் ஊரே பெட்டிச் செய்தியாகி வந்தபோது எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எரிச்சலுக்குக் காரணம் சகோதரி அல்லர். வழக்கம்போல இங்கேயும் கடைசிப் பத்தியைக் காணோம் என்பதுதான்.

அவருக்கு நான் எழுதியது இதுதான். தென்னிந்தியாவில் ஊர் ஊராக முனியாண்டி விலாஸ் என்ற பெயரில் அசைவ உணவகங்கள் இருக்கின்றன அல்லவா? அந்தத் தொழில் வடக்கம்பட்டிக்காரர்களிடமிருந்து கிளம்பியது. வானம் பார்த்த பூமியை நம்பியிருந்த ஊரிலிருந்து வெளியே போய்க் கடை வைத்தவர்கள், தங்கள் குலசாமியின் பெயரையே கடைக்கும் வைத்தார்கள். அன்றாட வியாபாரத்தில் முதல் வாடிக்கையாளர் தரும் பணத்தைச் சாமிக்கென்று உண்டியலில் எடுத்து வைக்கும் வழக்கம் அவர்களுக்கு உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை கடைகளை மூடிவிட்டு ஊருக்கு வந்து, தங்களுக்குச் சோறு போட்ட அதே பிரியாணியை ஆக்கிச் சாமிக்குப் படைத்து, வந்தவர்களுக்கெல்லாம் விடியற்காலையில் வழங்குகிறார்கள். சமையற்காரர்கள் சாமிக்கு வேறென்ன கொடுப்பார்கள்? இதைப் படித்த சகோதரி, "இப்ப விளங்குது ஐயா, இதில விசித்திரம் ஒண்டும் இல்லையே" என்று பதில் போட்டார். கோவில்பட்டித் தம்பி மட்டும் விடவில்லை. "இப்பத்தாண்ணே நிஜமாவே ஆச்சரியமா இருக்கு" என்றான். என் மனம் தம்பியின் பக்கம்தான்.

சொந்த ஊர் என்றதும் எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்குகிறான் கிழவன் என்று பின்னூட்டத்தில் எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அதே திருமங்கலம் பகுதியில், சொரிக்காம்பட்டியருகே, ஆண்கள் மட்டும் கூடிக் கறுப்புக் கிடாய்களை வெட்டிச் சமைத்து ஆண்களே உண்ணும் ஒரு திருவிழா நடக்கிறது. உண்ட இலைகள் காயும்வரை பெண்கள் அந்த இடத்துக்கு வரக் கூடாது என்பது வழக்கம். அதையும் குழுவில் நானே அனுப்பினேன். பினாங்கு ஆசிரியர் இது சரியா என்று கேட்டார். சரி என்று நான் சொல்லவில்லை. வழக்கம் இன்னது என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்வதை நியாயப்படுத்துவதாக எடுத்துக்கொள்கிறவர்களோடு நான் வாதிடுவதில்லை.

காரணத்துக்கு அடுத்தபடி ஆண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரண்டுவிடக் கூடாதென்று தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. 1977இல் அது சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தீபாவளிதோறும் இது புதிதாக எடுக்கப்பட்ட முடிவுபோல வந்து விழுகிறது. தலைமுறையாக ஓர் ஊர் பட்டாசு இல்லாமல் பிள்ளைகளை வளர்த்திருக்கிறது என்பது, நேற்றுக் கூடிப் பேசி எடுத்த முடிவைவிட எவ்வளவு பெரிய செய்தி! ஆண்டைச் சொல்லாதபோது அது சிறுத்துப்போகிறது. ஓரிகன் திமிங்கலத்துக்கும் இதுவே நேர்ந்தது. 1990இல் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுத்தாளர் அதைப் பற்றி எழுத, அந்த எழுத்து ஆண்டும் பெயரும் இல்லாமல் கணினி வழியே பரவியது. இருபது ஆண்டுக்கும் மேற்பட்ட சங்கதியை நேற்று நடந்ததென்று நம்பிப் பலர் நெடுஞ்சாலைத் துறைக்குத் தொலைபேசியில் பேசினார்கள்.

விசித்திரச் செய்தியைப் பரப்புவதும் வதந்தியைப் பரப்புவதும் ஒன்றுதானே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2018 மே மாதம், குழந்தை கடத்துகிறவர்கள் உலவுவதாகக் கைபேசிகளில் பரவிய வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டிலேயே, ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டு வந்தது. அந்தக் கேள்வியை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் எந்த ஊர், எந்த ஆண்டு, என்ன காரணம் என்று மூன்றையும் எழுத முயன்றால், வதந்தியில் இரண்டாவது கேள்வியிலேயே பேனா நின்றுவிடும். உண்மையான விசித்திரத்தில், தேடத் தேட எழுத இடம் போதாது. 1932இல் ஆஸ்திரேலிய இராணுவம் ஈமு பறவைகளோடு போரிட்டுத் தோற்றது என்ற செய்தியைக் கேட்டிருப்பீர்கள். தேடினால், முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்துக் கோதுமை பயிரிட வைத்ததும், கோதுமை விலை விழுந்ததும், இருபதாயிரம் ஈமுக்கள் அந்த வயல்களில் இறங்கியதும், முன்னாள் சிப்பாய்களான உழவர்களே இயந்திரத் துப்பாக்கி கேட்டுப் போனதும் வரிசையாக வரும். முல்லைப் பெரியாறு தண்ணீருக்காகக் காத்திருந்து பழகிய என்னைப் போன்றவனுக்கு அந்த உழவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

நாளுக்கு எத்தனை என்று கேட்டீர்கள். எங்கள் குழுவில் ஒருவர் அனுப்பியதைப் பேசி முடிக்கும்வரை அடுத்தவர் அனுப்புவதில்லை. சில செய்திகள் ஒரு வாரம்கூட ஓடும். நான் காலை ஏழு மணியளவில் அனுப்புகிறேன். டொராண்டோவில் அப்போது முந்தைய நாள் இரவு, சகோதரி வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருப்பார். "வேறு வேலையே இல்லையா?" என்று கேட்ட உங்கள் நண்பருக்குக் கொஞ்ச நாள் ஒன்றும் அனுப்பாமல் இருங்கள். பிறகு அவருடைய சொந்த ஊரைப் பற்றியே ஒன்றைத் தேடி, ஊர், ஆண்டு, காரணம் மூன்றோடும் அனுப்புங்கள். அதற்கும் அதே கேள்வியைக் கேட்டாரானால், அவரை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.