உயரத்தைக் கண்டால் கால் கூசுகிறது, சிட்னியை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

கேள்வி: சிட்னியில் மகள் வீட்டுக்கு இரண்டு மாதம் தங்க வந்திருக்கிறேன். வயது 61. சிறு வயதிலிருந்தே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரை நெருங்கினாலே உள்ளங்கால் கூசி, நெஞ்சு படபடக்கும். துறைமுகப் பாலத்தில் நடந்து வரலாம் என்று மருமகன் சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என்னால் அவர்கள் பயணம் கெட வேண்டாமென்று வீட்டிலேயே இருந்துவிடுகிறேன். இது சரிதானா?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை, அம்மா. பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால்தான் ஒதுங்குகிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால் அஞ்சும் இடத்தைத் தவிர்க்கும் ஒவ்வொரு முறையும் மனத்துக்கு உடனடி நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே, தப்பித்ததால்தான் பிழைத்தோம் என்ற எண்ணத்தை ஊன்றி, அடுத்த முறை அச்சத்தை வலுப்படுத்திவிடுகிறது. அதற்காக முதல் நாளே பாலத்தில் ஏறுங்கள் என்று சொல்லமாட்டேன்.

நாம் நிற்கும்போது உடல் நமக்கே தெரியாமல் சற்று ஆடிக்கொண்டிருக்கும். அருகிலுள்ள சுவரையோ தூணையோ பார்த்துக் கண் அந்த ஆட்டத்தைத் திருத்த உதவுகிறது. உயரமான இடத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் வெகு தொலைவில் இருப்பதால் அந்தத் துணை குறைந்து, தள்ளாடுவது போலத் தோன்றுகிறது. ஆகவே அத்தகைய இடத்தில் கீழே பார்க்காமல், பக்கத்திலுள்ள கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே சிறிது நேரம் பாருங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். படபடப்பு ஏறினாலும், அங்கேயே நின்றால் பெரும்பாலும் சிறிது நேரத்தில் தானாகத் தணியும். சமதரையிலும் தலைசுற்றல் இருந்தால் அது வேறு. காதையும் இரத்த அழுத்தத்தையும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

சிட்னியின் அழகில் பெரும்பகுதி தண்ணீர் மட்டத்திலேயே இருப்பது உங்களுக்குச் சாதகம். தாவரவியல் பூங்கா வழியாகக் கரையோரமாக நடந்தால், 1810இல் பாறையில் செதுக்கப்பட்ட திருமதி மக்குவாரி நாற்காலிக்குப் போய்ச் சேரலாம். ஓப்பரா மாளிகையும் அதன் பின்னால் பாலமும் ஒரே பார்வையில் தெரியும் இடம் அது. சர்குலர் கீ படகுத்துறையிலிருந்து மேன்லி கடற்கரைப் பகுதிக்குப் படகில் ஏறக்குறைய அரை மணி நேரப் பயணம், கீழ்த்தளத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இன்னொரு நாள் துறைமுகத்தின் வடகரையிலுள்ள மில்சன்ஸ் பாயின்ட் செல்லும் படகில் ஏறினால், 1932இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் அடியிலேயே போகலாம். 503 மீட்டர் நீள வளைவை அண்ணாந்து பார்ப்பதும் உங்களுக்கு ஒரு பயிற்சிதான்.

அதற்குப் பிறகு அப்சர்வேட்டரி குன்று. அங்கே உயரத்தில் இருந்தாலும் காலடியில் புல்தரை இருக்கிறது. அது பழகியபின் நகர மையத்திலுள்ள வின்யார்ட் நிலையத்திலிருந்து மில்சன்ஸ் பாயின்டுக்கு ரயிலில் பாலத்தைக் கடந்து பாருங்கள். ஓரிரு முறை போய்வந்த பிறகே நடைபாதையைப் பற்றி யோசிக்கலாம். பாலத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பாதையில் உயரமான வேலி உண்டு. முதல் நாள் ஐம்பது அடி நடந்து, அங்கேயே படபடப்பு தணியும்வரை நின்றுவிட்டுத் திரும்பினாலும் போதும். பாலத்தை ஒட்டியுள்ள தூண் கோபுரத்தின் 200 படிகளும், 134 மீட்டர் உயர வளைவின் உச்சிக்கு ஏறுவதும் இந்தப் பயணத்தில் உங்களுக்குத் தேவையில்லை.

இவை எதுவும் பயன்படாமல், ஊரிலும் இந்த அச்சம் அன்றாட வாழ்வைத் தடுக்குமானால், உளவியலாளரிடம் செல்லுங்கள். இதே போலப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சையில் பலர் நன்கு தேறியிருக்கிறார்கள். பிறர் சொல்லும் அமைதி மாத்திரைகளை மட்டும் நீங்களாக விழுங்க வேண்டாம்.

மகளிடமும் மருமகனிடமும் இதை மறைக்காதீர்கள். விளையாட்டுக்குக்கூட யாரும் கையைப் பிடித்து இழுக்கவோ, முதுகில் கை வைத்துத் தள்ளவோ கூடாது என்பதையும், எந்த இடத்தில் திரும்புவது என்பதை நீங்களே சொல்வீர்கள் என்பதையும், வீட்டை விட்டுக் கிளம்புமுன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.