பழைய நூல் என்பதால் மட்டும் பொதுச்சொத்து ஆகிவிடாது

கேள்வி: நல்லூரில் பழம்பொருள் சேகரிப்பாளர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு குழுவாக இயங்குகிறோம். நாணயம், ஒல்லாந்தர் காலத் தளபாடம், பித்தளைச் சாமான் என்று ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாட்டம். பொருளை அடையாளம் காண உதவும் அரிய நூல்கள் எங்களிடம் சுமார் 180 உண்டு. பலவற்றை இன்று கடையில் வாங்க முடியாது. எல்லாவற்றையும் ஸ்கான் செய்து, ஆண்டுச் சந்தா கட்டும் அங்கத்தவர்கள் மட்டும் பார்க்கும் மின்னூலகம் ஒன்றை அமைக்க விரும்புகிறோம். நூல்கள் எங்களுடையவை, அதுவும் பழையவை. ஆகவே சட்டச் சிக்கல் வராது என்கிறார்கள். சரியா? சென்னையில் ஸ்கான் கட்டணம் குறைவு என்பதால் நூல்களை அங்கே அனுப்பவும் யோசிக்கிறோம்.

பதில்: புத்தகத்தின் சொந்தக்காரர் நீங்கள். அதற்குள் இருக்கும் எழுத்தின் சொந்தக்காரர் வேறொருவர். காணி உறுதி உங்கள் கையில் இருந்தாலும் பக்கத்து வளவுக்குள் மதில் கட்ட முடியாது அல்லவா? நூலை நீங்கள் விற்கலாம், இரவல் கொடுக்கலாம், மேசையில் வைத்து மற்றவருக்கு வாசிக்கக் கொடுக்கலாம். பிரதி எடுப்பது மட்டும் எழுதியவருக்கோ அவருடைய வாரிசுக்கோ உரிய உரிமை. ஸ்கான் செய்த அந்த நிமிடமே பிரதி உருவாகிவிடுகிறது. அதைப் பிறகு யார் பார்த்தார்கள் என்பது அடுத்த கேள்விதான்.

முதலில் செய்ய வேண்டிய வேலைக்குச் சட்டத்தரணி தேவையில்லை, ஒரு அட்டவணை போதும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி, பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்த பின் மேலும் 70 ஆண்டுகளும் நீடிக்கும். அந்தக் கடைசி ஆண்டின் டிசம்பர் 31 வரை ஓடும். ஆகவே நூல் அச்சான ஆண்டை விட்டுவிட்டு, ஆசிரியர் இறந்த ஆண்டைத் தேடுங்கள். 2026இல் நின்று கணக்குப் பார்த்தால், 1955இலோ அதற்கு முன்போ இறந்தவர்களின் எழுத்து விடுபட்டுவிட்டது. இருவர் சேர்ந்து எழுதியிருந்தால் கடைசியாக இறந்தவரிலிருந்து எண்ண வேண்டும். ஆசிரியர் பெயரே இல்லாத நூல்களுக்கும், ஒரு நிறுவனம் பலரைக் கொண்டு தொகுத்து வெளியிட்ட கூட்டுப் படைப்புகளுக்கும் முதல் வெளியீட்டிலிருந்து 70 ஆண்டு. ஏல விற்பனைப் பட்டியல்கள் பெரும்பாலும் இந்த வகைக்குள் வரும்.

இந்தக் கணக்கு உங்கள் அலுமாரியில் எப்படி விழும் என்று பாருங்கள். இலங்கை நாணயங்கள் பற்றி கொட்றிங்டன் எழுதி 1924இல் கொழும்பு நூதனசாலை வெளியிட்ட நூலைச் சேது நாணயம் (யாழ்ப்பாண அரசர் காலக் காசு) சேர்ப்பவர்கள் எல்லோரும் தேடுவார்கள். அவர் 1942இல் இறந்தார். 70 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் உரிமை 2012 முடிவோடு போயிற்று. முதலியார் இராசநாயகம் 1926இல் பண்டைய யாழ்ப்பாணம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூலும் அப்படியே, அவர் இறந்தது 1940இல். ஆனந்த குமாரசுவாமியின் 1908ஆம் ஆண்டுச் சிங்களக் கலை நூலில் மட்டும் ஒரு படி கூடுதலாகப் பார்க்க வேண்டும். அவர் இறந்தது 1947இல். ஆனால் அதிலுள்ள படங்களுக்காகக் கமராவைப் பிடித்தவர் அவருடைய முதல் மனைவி எதெல். அவர் 1952இல் இறந்தார். ஆகவே அதே கணக்கில் பார்த்தாலும் எழுத்து 2017 முடிவோடும் படங்கள் 2022 முடிவோடும் விடுபட்டுவிட்டன. இன்று இரண்டுக்கும் தடை இல்லை. ஒரு நூலுக்குள்ளேயே இரண்டு கடிகாரம் ஓடலாம் என்பதை மனதில் வையுங்கள். பழம்பொருள் நூல்களில் படம்தான் பாதிப் பெறுமதி.

கால் தடுக்கும் இடம் வேறு. போல் பீரிஸ் யாழ்ப்பாணத்துப் பௌத்த எச்சங்கள் பற்றி அரச ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் 1917இலும் 1919இலும் கட்டுரை எழுதினார். அச்சாகி நூறு ஆண்டு கடந்துவிட்டது. ஆனால் அவர் இறந்தது 1959இல். 2029 டிசம்பர் 31 வரை அது இங்கே பாதுகாப்பில்தான் இருக்கிறது. இந்தியாவில் ஆயுளோடு 60 ஆண்டுதான் என்பதால் இதே கட்டுரை அங்குள்ள தளங்களில் சட்டப்படியே கிடைக்கலாம். அதைப் பார்த்து நாமும் ஏற்றலாம் என்று முடிவெடுத்துவிடாதீர்கள். ஒல்லாந்தர் காலத் தளபாடம் பற்றிய புரோகியரின் 1969ஆம் ஆண்டு நூலை நீங்கள் மின்னூலகத்தில் வைக்க மிகவும் ஆசைப்படுவீர்கள். அவர் 1980இல் இறந்தார்; 2050 முடியும் வரை அனுமதியின்றித் தொட முடியாது. நூல் சந்தையில் இல்லை என்பதால் உரிமை குறைவதில்லை. பதிப்புரிமையை எங்கும் பதிவு செய்யத் தேவையில்லாததால், பதிவேட்டில் பெயர் இல்லை என்ற வாதமும் எடுபடாது.

மறுபதிப்புகளிலும் கவனம் தேவை. பழைய நூலைப் படியெடுத்து அச்சிட்டால் செத்த உரிமை உயிர்க்காது. ஆனால் புதிதாகச் சேர்த்த முன்னுரை, அடிக்குறிப்பு, படங்கள் ஆகியவற்றுக்கு அவற்றை எழுதியவரின் உரிமை உண்டு. முடிந்தவரை முதல் பதிப்பையே ஸ்கான் செய்யுங்கள்.

இனி உங்கள் தரப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று வாதங்கள். அங்கத்தவர் மட்டும் பார்ப்பது என்பது பிரதி எடுத்த தவறைக் கழுவாது. பத்துப் பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் இதே நிலைதான். சொந்தப் பாவனைக்கு ஒரு பிரதி எடுக்க 12ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் ஒரு நூலை முழுதாகவோ அதன் பெரும்பகுதியையோ படியெடுப்பதை அதே பிரிவு விலக்கி வைக்கிறது. நூலகங்களுக்கான விலக்கு, நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக ஆதாயம் இல்லாத நூலகங்களுக்கே உரியது. அதுவும் படிப்பு, ஆய்வுக்காகக் கேட்பவருக்குக் கட்டுரை அல்லது சிறுபகுதியின் ஒற்றைப் பிரதி, தொலைந்த அல்லது பழுதான பிரதிக்கு மாற்று என்ற அளவில்தான். 180 நூலை மேகத்தில் (இணையச் சேமிப்பகத்தில்) ஏற்றிச் சந்தா வாங்குவதை அந்தக் குடைக்குள் கொண்டுவர நான் துணியமாட்டேன். 11ஆம் பிரிவின் நியாயமான பாவனை என்ற கடைசிப் புகலிடத்திலும் நோக்கம், எடுத்த அளவு, நூலின் சந்தைக்கு வரும் பாதிப்பு எல்லாம் நிறுக்கப்படும். முழு நூல், கட்டணம் என்ற இரண்டும் சேர்ந்தால் தராசு உங்களுக்கு எதிராகவே சாயும். அமெரிக்காவிலேயே, வைத்திருக்கும் அச்சுப் பிரதிகளின் எண்ணிக்கைக்கு மேல் ஒரே நேரத்தில் இரவல் கொடுப்பதில்லை என்ற முறையில் மின்பிரதி வழங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணைய நூலகத்தின் வாதத்தை 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை.

வேண்டுமென்று மீறினால் 178ஆம் பிரிவின் கீழ் நீதவான் 6 மாதம் வரை சிறையோ 5 இலட்சம் ரூபா வரை தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கலாம். குடியியல் வழக்கு என்றால் கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போய்வரும் செலவே ஒரு தண்டனை.

உரிமை தீர்ந்த நூல்களுக்குச் சந்தா வாங்கத் தடையே இல்லை. ஆனால் உங்கள் ஸ்கான் பக்கத்துக்குப் புதுப் பதிப்புரிமை கோராதீர்கள். பக்கத்தை அப்படியே படமெடுப்பதில் சட்டம் கேட்கும் சொந்தப் படைப்பு இல்லை. பிரதியைப் பரப்பக் கூடாது என்று அங்கத்தவருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம், அது செல்லும். தலைப்புப் பக்கத்தையும் ஆசிரியர் பெயரையும் வெட்டாமல் வையுங்கள். நீர்க்குறியை ஓரத்தில் போடுங்கள், நாணயப் படத்தின் மேல் போட்டால் நூலே பயனற்றுப் போகும்.

பாதுகாப்பில் உள்ள நூலுக்கு அனுமதி வாங்க வேண்டும். அனுமதி எழுத்தில் இருக்க வேண்டும். கொடுப்பவரும் பெறுபவரும் இருவரும் கையொப்பமிட வேண்டும் என்கிறது 16ஆம் பிரிவு. "அப்பாவின்ர புத்தகம்தானே, தாராளமாகப் போடுங்கோ" என்று ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசியில் சொன்னது போதாது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டப்படி மின்னொப்பம் செல்லும் என்பதால் கடிதத்தைத் தபாலில் அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவர் மற்றவருக்காக ஒப்பமிட அற்றோணித் தத்துவம் கொடுப்பதானால் அந்தச் சட்டம் உதவாது. அது தாளில்தான் எழுதப்பட வேண்டும்.

யார் ஒப்பமிடுவது என்பதில்தான் யாழ்ப்பாணத்துக்கே உரிய சிக்கல். ஆசிரியர் மரண சாசனம் எழுதாமல் இறந்திருந்தால் பிள்ளைகள் எல்லோரும் பங்காளிகள். மூத்தவர் ஒருவரின் ஒப்பம் மற்றவர்களைக் கட்டாது. தேசவழமைக்கு (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டத்துக்கு) உட்பட்ட குடும்பமானால், மணவாழ்வின்போது எழுதிய நூலின் உரிமை தேடியதேட்டமா (மணவாழ்வில் தேடிய, இருவருக்கும் பொதுவான சொத்தா) என்ற வாதத்துக்கு இடம் உண்டு. அதைத் தீர்க்க வழக்குப் பேசுவதைவிட, உயிரோடு இருக்கும் மனைவி அல்லது கணவரின் ஒப்பத்தையும் சேர்த்து வாங்கிவிடுவது மலிவு. மரணச் சான்றிதழின் பிரதியையும், வாரிசுகள் இன்னார் இன்னார் என்ற ஒரு சத்தியக்கடதாசியையும் கோப்பில் வையுங்கள். அனுமதிப் பத்திரத்தில் நூலின் பெயர், பதிப்பு, படங்களும் அடங்குமா, இணையவழியில் காட்டலாமா, எத்தனை ஆண்டு, சந்தாவில் பங்கு உண்டா என்பவை தெளிவாக இருக்கட்டும். "எல்லாப் பாவனைக்கும்" என்று ஒற்றை வரியில் எழுதுவதுதான் பின்னாளில் சண்டை மூட்டும்.

வாரிசு யார் என்றே தெரியாத நூல்களுக்கு அனுமதி தரும் தனி ஏற்பாடு நமது சட்டத்தில் இல்லை. அவற்றின் பெயரை மட்டும் மின்னூலகத் தேடலில் காட்டுங்கள். உண்மையில் சேகரிப்பாளருக்கு வேண்டியதில் பெரும்பகுதி தகவல்தான்: எடை, விட்டம், உலோகம், எந்தப் பக்கத்தில் எந்த வகை. தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை. நாணயத்தை நீங்களே நிறுத்து, நீங்களே படமெடுத்து, "இன்ன நூல், இன்ன பக்கம், இன்ன எண்" என்று சுட்டும் அட்டவணை ஒன்றைச் செய்தால், புரோகியர் நூலையோ பீரிஸ் கட்டுரையையோ படியெடுக்காமலே அங்கத்தவருக்கு வழி காட்டலாம். நூலின் படத்தாளை வெட்டி ஒட்டாமல் இருந்தால் சரி. முழுவதும் வாசிக்க வேண்டியவர் உங்கள் வாசிப்பு மேசைக்கு வரட்டும்.

அங்கத்தவர்கள் நூலை ஸ்கானுக்குத் தரும்போது இரவல் ஒப்பந்தம் ஒன்று எழுதுங்கள். பக்க எண்ணிக்கை, இல்லாத பக்கங்கள், கட்டின் நிலை, இருவரும் ஒத்துக்கொண்ட பெறுமதி, திருப்பித் தரும் திகதி எல்லாம் அதில் வேண்டும். அட்டை, முதுகு, கிழிசல் ஆகியவற்றின் படங்களையும் இணையுங்கள். மேலிருந்து படமெடுக்கும் கருவியில், நூலை முழுதாக விரித்து அழுத்தாமல் ஸ்கான் செய்வதாகவும் எழுதுங்கள். பழைய பசைக்கட்டு தட்டைக் கண்ணாடியில் அழுத்தினால் முதுகிலேயே உடையும், நட்டஈட்டுச் சண்டைகள் அங்கேதான் தொடங்கும். நூலகம் அல்லது பாடசாலை முத்திரை உள்ள நூல்களைத் தனியே எடுத்து வையுங்கள். 1995 இடப்பெயர்விலும் அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ நூல்கள் இடம் மாறின. வாங்கியவர் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் சொத்து அந்த நிறுவனத்தினுடையதாகவே இருக்கலாம். நூலகமே விலக்கிய நூல் என்று காட்டும் நீக்கல் முத்திரை இல்லையேல் முதலில் அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள்.

சென்னை விடயத்தில் என் பதில் வேண்டாம் என்பதே. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கப் பண்பாட்டுச் சொத்துச் சட்டப்படி அரிய கையெழுத்துப் பிரதி போன்ற பண்பாட்டுச் சொத்தை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. ஓலைச்சுவடி 1815 மார்ச் 2க்கு முற்பட்டதாக இருந்தால் 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்துக்குள்ளும் வந்துவிடும். திரும்பிக் கொண்டுவரத்தானே என்பது பலாலி விமான நிலையத்தின் சுங்க மேசையில் எடுபடாது. ஏதாவது ஒரு நூலை அனுப்பியே ஆக வேண்டும் என்றால், புறப்படும் முன் அதன் பட்டியலையும் படங்களையும் தொல்பொருள் திணைக்களத்துக்குக் கொடுத்து எழுத்தில் பதில் பெறுங்கள். மற்றவற்றை யாழ்ப்பாணத்திலேயே படமெடுத்து, படத்தைச் சீராக்கும் வேலைக்குக் கோப்பை மட்டும் சென்னைக்கு அனுப்புங்கள். கோப்புக்குச் சுங்கம் இல்லை.