சென்டர் ஃபீல்டில் நிற்கும் பையனுக்கு எட்டு வருட மருத்துவம் எதற்கு?

நியூஜெர்சியிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம். மகன் பதினொன்றாம் வகுப்பு, பள்ளி பேஸ்பால் அணியில் சென்டர் ஃபீல்டர், அதாவது மைதானத்தின் பின்பகுதியில் நடுவே நின்று பந்து பிடிப்பவன். ராத்திரியெல்லாம் ஆட்டக்காரர்களின் புள்ளிவிவரத்தைக் கணினியில் இறக்கி, அவனே அட்டவணை போட்டுப் பார்க்கிறான். டெக்சஸில் இருக்கும் பெரியப்பாவோ, தன் மகளைப் போல இவனும் பள்ளி முடித்த கையோடு எட்டு வருட மருத்துவப் படிப்பில் சேர வேண்டும் என்கிறார். "பந்து பொறுக்கிப் பிழைக்க முடியுமா?" என்று அவர் கேட்டதிலிருந்து உங்களுக்குத் தூக்கமில்லை.

உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் உயிரியல் பாடத்தைக் கடமைக்குப் படித்து முடிக்கிற பையனை, சொந்தக்காரர் மெச்ச வேண்டும் என்று மருத்துவத்தில் தள்ளுவது தவறு. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பெரியப்பா அடுத்த முறை போன் செய்தால் சாம் ஃபுல்ட் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரைப் பற்றிச் சொல்லுங்கள். அவரும் அவுட்ஃபீல்டர், அதாவது மைதானத்தின் பின்பகுதியில் நின்று பந்து பிடிப்பவர். நியூ ஹாம்ப்ஷயரில் டர்ஹம் என்ற சிற்றூர்க்காரர். அப்பா யூதர், பல்கலைக்கழகப் பேராசிரியர். படிப்பின் அருமை தெரிந்த வீடுதான். பத்து வயதில் முதல் வகை நீரிழிவு வந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே விளையாடினார். ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரம் படித்தார். தொழில்முறை அணிகள் இளம் ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2003-இல் சிகாகோ கப்ஸ் அணி 24-ஆவது சுற்றில் தேர்ந்தெடுத்தபோது கையெழுத்துப் போடாமல் கல்லூரிக்கே திரும்பினார். மறு வருடம் அதே அணி 10-ஆவது சுற்றில் எடுத்தது. 2007-இல் உச்ச நிலையான மேஜர் லீக்கில் முதல் ஆட்டம். 2008 மறுபடியும் அதற்குக் கீழ்நிலையான மைனர் லீக். ஆட்டமில்லாத மாதங்களை அவர் வீணாக்கவில்லை. ஒரு விளையாட்டுப் புள்ளிவிவர நிறுவனத்தில் பயிற்சி வேலை பார்த்தார், புள்ளியியல் முதுகலைப் பாடங்களும் படித்தார்.

2011-இல் தம்பா பே அணிக்காக பாஸ்டனில் ஆடிய ஒரு நாள். இரண்டாவது பேஸ் வரை ஓடும் டபுள், மூன்றாவது வரை ஓடும் டிரிபிள், முழுச் சுற்றும் ஓடும் ஹோம் ரன் மூன்றும் அடித்தாயிற்று. முதல் பேஸோடு நிற்கும் ஒரு சிங்கிளும் வந்தால், ஒரே ஆட்டத்தில் நான்கும் அடித்த 'சைக்கிள்' என்ற அபூர்வ சாதனை. கடைசியாக அடித்த பந்தில் முதல் பேஸிலேயே நின்றிருக்கலாம். நிற்காமல் இரண்டாவது பேஸுக்கு ஓடினார். எனக்கு அந்த மனிதரை அதனால்தான் ரொம்பப் பிடிக்கும்.

அவர் பெரிய நட்சத்திரம் இல்லை. மேஜர் லீக் பேட்டிங் சராசரி .227 மட்டுமே. 2017 நவம்பரில் ஓய்வு பெற்றதும் ஃபிலடெல்ஃபியா ஃபில்லீஸ் அவரை அழைத்துக் கொடுத்தது 'ஆட்டக்காரர் தகவல் ஒருங்கிணைப்பாளர்' என்ற வேலை. 2020 டிசம்பரில் அதே அணிக்கு ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் நிர்வாகத்தில் ஜெனரல் மேனேஜர் ஆனார்.

உங்கள் மகன் ஜெனரல் மேனேஜர் ஆவான் என்று நான் சொல்லவில்லை. அந்த முதல் வேலையைக் கவனியுங்கள். மேஜர் லீக்கில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள். 2015 முதல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் என்ற அளவீட்டு முறையின் கருவிகள் பந்தின் வேகம், கிளம்பிய கோணம், பந்தை நோக்கி அவுட்ஃபீல்டர் வைத்த முதல் அடிகள், அவர் ஓடிய பாதை எல்லாவற்றையும் அளக்கின்றன. இந்த எண்களை அலசி, இன்றைக்கு இந்த பேட்டருக்கு எங்கே நிற்க வேண்டும் என்று அவுட்ஃபீல்டர் பையில் வைத்துக்கொள்ளும் சின்ன அட்டையாகச் சுருக்க ஆள் வேண்டும். கணக்குத் தெரிந்தவர்கள் நிறைய. வெயிலில் நின்று பந்து துரத்தியதால் ஆட்டக்காரனிடம் அவன் பாஷையிலேயே பேசத் தெரிந்தவர்கள் குறைவு. உங்கள் பையனுக்கு இரண்டு பக்கமும் கால் இருக்கிறது.

அதற்கு அவன் புள்ளியியல் படிக்கட்டும். ஆர், பைத்தான், எஸ்க்யூஎல் என்ற மூன்று கணினி மொழிகளும் கைவர வேண்டும். ஸ்பானிஷ் கட்டாயம், டொமினிகன் குடியரசு, வெனிசுலாவிலிருந்து வரும் ஆட்டக்காரர்கள் அத்தனை பேர். பேஸ்பால் சாவன்ட், ரெட்ரோஷீட் என்ற இரண்டு இணையதளங்களிலும் தரவு இலவசம். ஒரு கேள்வியை எடுத்து, விடை கண்டு, நாலு பக்கத்தில் புரியும்படி எழுதச் சொல்லுங்கள். வேலை கேட்டுப் போகும்போது அதைத்தான் காட்ட வேண்டும். ஆரம்பத்தில் சம்பளம் மென்பொருள் வேலையைவிடக் குறைவு, பல இடங்களில் ஒரு சீசனுக்கு மட்டும் வேலை, ஊர் ஊராக மாறவும் வேண்டும். அதையும் அவனிடம் மறைக்காதீர்கள்.

இனி பணம். ஸ்காலர்ஷிப் கிடைக்கும் என்று நம்பி ஊர் ஊராகப் போய் ஆடும் டிராவல் அணி, கல்லூரிப் பயிற்சியாளர்கள் முன் ஆடிக் காட்டும் ஷோகேஸ் முகாம் என்று ஆயிரக்கணக்கான டாலர் கொட்டாதீர்கள். இந்த வருடம் ஒரு முகாமுக்கு மேல் வேண்டாம். கல்லூரி விளையாட்டில் மூன்றாம் நிலையான 'டிவிஷன் மூன்று' கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதே இல்லை. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் தருகின்றன. படித்துக்கொண்டே ஆட அவை நல்ல இடம். ஃபுல்டை ஃபில்லீஸ் வேலைக்கு எடுத்தபோது களத்தில் அணியை வழிநடத்தும் மேனேஜராக இருந்த கேப் கேப்லரும் யூத அவுட்ஃபீல்டர்தான். மூர்பார்க் என்ற இரண்டு வருடச் சமுதாயக் கல்லூரியிலிருந்து டிராஃப்டின் 57-ஆவது சுற்றில் வந்தவர். கல்லூரியின் பெயருக்காக உங்கள் பேரில் கடன் வாங்காதீர்கள். ஓய்வுக்காலச் சேமிப்பில் கை வைக்கவே கூடாது.

இந்த வாரமே மகனோடு உட்கார்ந்து, உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸையும், 'டிவிஷன் மூன்று' கல்லூரிகளில் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் இணையதளங்களில் நிகரச் செலவை, அதாவது உதவித்தொகை போக நீங்கள் கட்ட வேண்டியதைக் கணக்கிடும் பக்கம் இருக்கும். எண்களை அவனே நிரப்பட்டும். ஐந்து தொகைகளும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பெரியப்பாவுக்கு வேண்டாம்.