உங்கள் இடத்துக்கு எந்த நிலை அலாரம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்களுடையது தனி வீடு. இருவரும் வேலைக்குப் போவதால் பகல் முழுவதும் பூட்டியே கிடக்கும். அலாரம் பொருத்த இரண்டு பேரை அழைத்துப் பேசினோம். ஒருவர் நிலை 2 போதும் என்கிறார். மற்றவர், நிலை 3-க்குக் குறைவாக எதை வைத்தாலும் வீண் என்கிறார். இந்த எண்களுக்கு என்ன பொருள்? யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இவை விற்பனையாளர்கள் தங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட எண்கள் அல்ல. இஎன் 50131 என்ற ஐரோப்பியத் தரநிலையும், அதையொட்டி 2010-இல் வெளிவந்த ஐஇசி 62642 என்ற சர்வதேசத் தரநிலையும் ஊடுருவல் அலாரங்களை 1 முதல் 4 வரை நான்கு பாதுகாப்பு நிலைகளாக வகுத்திருக்கின்றன. வீடு எவ்வளவு பெரியது, எத்தனை சென்சார்கள் வேண்டும் என்பதை வைத்து இந்த வகுப்பு செய்யப்பட்டிருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தரநிலை கேட்கும் கேள்வி வேறு: உள்ளே நுழைய வருபவனுக்கு அலாரத்தைப் பற்றி எவ்வளவு தெரியும், அவன் கையில் என்ன கருவிகள் இருக்கும்?

அலாரத்தைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே தெரியாமல், எளிதில் கிடைக்கும் ஒன்றிரண்டு கருவிகளோடு கதவை நெம்பிப் பார்ப்பவனை மனத்தில் வைத்து எழுதப்பட்டது நிலை 1. ஓரளவு விவரம் தெரிந்தவன், பொதுவான கருவிகளுடன் மல்டிமீட்டர் போன்ற சிறு சாதனத்தையும் கொண்டுவரக்கூடியவன் என்றால் நிலை 2. அலாரம் வேலை செய்யும் விதத்தை நன்கு அறிந்து, மின்னணுச் சாதனங்களோடு வருபவனுக்கு நிலை 3. நாள் கணக்கில் திட்டமிட்டு, அலாரத்தின் பாகத்தையே கழற்றி வேறொன்றை அந்த இடத்தில் வைக்கும் அளவுக்கு ஆயத்தமாக வருபவனுக்கு நிலை 4. கடைசியாகச் சொன்னது நம்மில் பெரும்பாலோருக்குத் தேவைப்படாது.

ஆகவே உங்கள் வீட்டுக்கு யார் வரக்கூடும் என்று யோசியுங்கள். பகலில் ஆளில்லாத வீட்டை நோட்டமிட்டு, பின்கதவையோ சன்னலையோ உடைத்து, சில நிமிடங்களில் கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடுபவன்தான் பெரும்பாலும் வருவான். அவனுக்கு எதிராக நிலை 2 தாராளமாகப் போதும். உங்களிடம் ஊரறிந்த விலையுயர்ந்த சேகரிப்பு ஏதேனும் இருந்தாலோ, உங்களையே குறிவைத்து முன்பு ஒரு முயற்சி நடந்திருந்தாலோ நிலை 3 பற்றிப் பேசுவதில் நியாயம் உண்டு. வீட்டைக் காப்பீடு செய்திருந்தால் அலாரம் வாங்குவதற்கு முன்பே அந்த நிறுவனத்திடம் எந்த நிலை வேண்டும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் நிலை 3 என்று எழுதியிருந்து நீங்கள் நிலை 2 வைத்தால், இழப்பீடு கேட்டுப் போகும் நாளில் அந்த ஒரு வரி உங்களுக்கு எதிராக நிற்கும்.

நிலையை ஒரு படி குறைத்து மிச்சமாகும் தொகையைப் பின்கதவின் பூட்டுக்கும் கதவுச் சட்டகத்துக்கும் செலவிடுவதே என் விருப்பம். அலாரம் யாரையும் தடுப்பதில்லை. வந்துவிட்டான் என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. சென்சார் வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். உடல் வெப்பத்தை உணரும் பிஐஆர் சென்சார், தன்னை நோக்கி நேரே வருபவனைவிடத் தன் பார்வைக்குக் குறுக்கே நடப்பவனையே விரைவாகப் பிடிக்கும். ஆகவே நடைகூடத்தில் அவன் குறுக்காகக் கடந்தே தீர வேண்டிய இடத்தைப் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். இரவில் நீங்கள் உள்ளே உறங்கும்போது அந்தச் சென்சாரை மட்டும் நிறுத்திவிட்டு, கதவு, சன்னல் திறந்தால் சொல்லும் காந்தத் தொடர்புகளை விழிப்பில் வைக்கும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கேள்வி: சிறிய நகைக்கடை நடத்துகிறேன். முன்புற ஷட்டரில் அலாரம் இருக்கிறது. உள்ளே ஒரு சென்சார் உண்டு. பக்கத்துக் கடை சில மாதங்களாகக் காலியாக இருப்பதால் கொஞ்சம் பயமாக உள்ளது. நிலை 3-க்கு மாற வேண்டுமா? நிலை 2-க்கும் 3-க்கும் நடைமுறையில் என்னதான் வேறுபாடு?

பதில்: மாறத்தான் வேண்டும். ஆனால் ஷட்டரைவிட, அந்தக் காலிக் கடையை ஒட்டிய சுவரைப் பற்றித்தான் நீங்கள் முதலில் கவலைப்பட வேண்டும்.

வேறுபாட்டை இரண்டு காட்சிகளால் விளக்குகிறேன். முதற்காட்சி பகலில் நடக்கிறது. வாடிக்கையாளர் போல் ஒருவன் வருகிறான். நீங்கள் தட்டை எடுக்கத் திரும்பும் நேரத்தில், மூலையில் இருக்கும் சென்சாரின் முகப்பில் நிறமற்ற வார்னிஷைப் பீய்ச்சிவிட்டுப் போகிறான். கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் மனித உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர் அந்த மெல்லிய படலத்தைத் தாண்டி உள்ளே போகாது. அன்றிரவு நீங்கள் அலாரத்தை வழக்கம்போல் முடுக்கிவிட்டுப் போவீர்கள். சென்சாரோ குருடாக இருக்கும். நிலை 2 சென்சார் தன் மூடியைத் திறந்தால் சொல்லும். தன் கண் மறைக்கப்பட்டதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. நிலை 3 சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியாக வேண்டும். சுவரிலிருந்து பெயர்த்தெடுத்தாலும் சொல்ல வேண்டும்.

இரண்டாம் காட்சி சனிக்கிழமை இரவு. ஒன்பது மணிக்குக் கடையைப் பூட்டுகிறீர்கள். சற்று நேரத்தில் யாரோ வெளியே மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள். நிலை 2-இல் பேட்டரி 12 மணி நேரம் தாங்கினால் போதும். ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பிறகு, விடுமுறையில் பூட்டிக் கிடக்கும் கடையில் அலாரம் விழித்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நிலை 3-இல் 60 மணி நேரம் தாங்க வேண்டும். அதாவது செவ்வாய்க் காலை வரை. மின்சாரம் போன செய்தி கண்காணிப்பு மையத்துக்குத் தானாகச் சென்றுவிடும் ஏற்பாடு இருந்தால் இதைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளத் தரநிலை அனுமதிக்கிறது. அப்படிக் குறைத்தால் திங்கள் அதிகாலை மூன்று மணியோடு கணக்கு முடிந்துவிடும். உங்களுக்குப் பொருத்துபவர் எந்தக் கணக்கில் பேட்டரி வைக்கிறார் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனிச் சுவர். ஷட்டரிலும் கதவிலும் இருக்கும் காந்தத் தொடர்பு, அவை திறக்கப்படும்போதுதான் பேசும். சுவரைத் துளைத்து வருபவன் எதையும் திறப்பதில்லை. அந்தச் சுவரிலும் பெட்டகத்தின் மீதும் அதிர்வு உணரும் சென்சார்களைப் பொருத்தினால், துளையிடத் தொடங்கும்போதே செய்தி போகும். இங்கே நேரக் கணக்கு ஒன்று உண்டு. அலாரம் ஒலித்து ஆட்கள் வந்து சேர இருபது நிமிடம் ஆகும் என்றால், அதற்குப் பிறகு பெட்டகம் குறைந்தது இருபது நிமிடமாவது தாக்குப்பிடிக்க வேண்டும். பெட்டகம் உடைந்த பிறகு ஒலிக்கும் அலாரம் நிலை 4 ஆனாலும் பயனில்லை. செய்தி போகும் வழியும் ஒன்றாக இருக்கக் கூடாது. இணைய இணைப்பை அறுத்தால் செல்பேசி வலையமைப்பு வழியாகப் போகட்டும்.

கேள்வி: பழைய வயர்லெஸ் சென்சார்கள் பத்து இருக்கின்றன, நன்றாகவே வேலை செய்கின்றன. அவற்றின் செய்தி வந்து சேரும் கன்ட்ரோல் பேனலை மட்டும் நிலை 3-க்கு மாற்றினால் எல்லாம் நிலை 3 ஆகிவிடுமா?

பதில்: ஆகாது. இருப்பதிலேயே தாழ்ந்த பாகம் எந்த நிலையில் இருக்கிறதோ அதுவே மொத்த அமைப்பின் நிலை. பேனல் நிலை 3, சென்சார்கள் நிலை 2 என்றால் நீங்கள் வைத்திருப்பது விலை கூடிய நிலை 2 அலாரம்.

வயர்லெஸில் இன்னொரு காரணமும் இருக்கிறது. சென்சார் உயிரோடு இருக்கிறதா என்பதை அறியப் பேனலுக்கும் அதற்கும் இடையே அவ்வப்போது ஒரு செய்தி போய்வர வேண்டும். நிலை 2-இல் இந்த இடைவெளி 120 நிமிடம் வரை இருக்கலாம். நிலை 3-இல் 100 விநாடிக்கு மேல் போகக் கூடாது. பழைய சென்சார்கள் பேட்டரியை மிச்சப்படுத்துவதற்காக அரிதாகப் பேசும்படி செய்யப்பட்டவை. பேனலை மாற்றுவதால் அவற்றின் பழக்கம் மாறாது.

ஒரு விலக்கு உண்டு. முன்பகுதியில் அலுவலகம், பின்பகுதியில் விலையுயர்ந்த பொருள் வைக்கும் அறை என்று இடத்தைத் தெளிவாகப் பிரித்துக்கொண்டால், அறைக்கு மட்டும் நிலை 3 சென்சார்களும் மற்ற இடத்துக்கு உங்கள் பழைய சென்சார்களும் வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் பொதுவான பாகங்கள் மட்டும் உயர்ந்த நிலையில் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் பேனலை மாற்றியது வீணாகாது.

கேள்வி: எங்கள் கிடங்கில் மாதத்துக்கு நான்கைந்து முறை நள்ளிரவில் சைரன் ஒலிக்கிறது, ஓடிப்போய்ப் பார்த்தால் ஒருவரும் இல்லை. நிலை 3-க்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: நிலை என்பது அலாரத்தை ஏமாற்றுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்வது, அது அடிக்கடி பொய் சொல்லுமா என்பதைச் சொல்வது அல்ல. நிலை 3-க்கு மாறினாலும் அதே மூலையில் அதே விதமாக வைத்தால் அதே நேரத்தில் அலறும்.

முதலில் பேனலின் பதிவேட்டைப் பாருங்கள். நிலை 2 பேனல் குறைந்தது 250 நிகழ்வுகளை நினைவில் வைத்திருக்க வேண்டும். எந்தச் சென்சார், எந்த நேரம் என்பது அதில் இருக்கும். நான்கைந்து முறையும் ஒரே சென்சார்தான் என்றால் பாதி வேலை முடிந்தது. எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் இப்படித்தான் இரண்டு மாதம் அலைந்தோம். கடைசியில் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, சென்சாரின் முகப்புக்கு ஒரு விரற்கடை முன்னால் வலை பின்னி, நடுவில் ஒரு சிலந்தி சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது. அவ்வளவு அருகில் சிலந்தி நகர்ந்தால், சென்சாருக்கு அது தொலைவில் நடக்கும் மனிதனைப் போலத்தான் தெரியும். அன்றிலிருந்து மாதமொருமுறை ஒட்டடை அடிப்பதும் பராமரிப்புப் பட்டியலில் சேர்ந்துவிட்டது.

சிலந்தி இல்லையென்றால், காற்றில் ஷட்டர் குலுங்குகிறதா, மேலிருந்து தொங்கும் பிளாஸ்டிக் தாள் ஆடுகிறதா, சூடான காற்று சென்சார்மேல் நேரே வீசுகிறதா என்று பாருங்கள். ஷட்டர்தான் காரணம் என்றால் அதற்கென்றே வரும், இடைவெளி சற்றுக் கூடினாலும் தாங்குகிற கனமான காந்தத் தொடர்பை வையுங்கள். காற்றோட்டம் காரணம் என்றால், பிஐஆரும், அலைகளை அனுப்பி அசைவை உணரும் மைக்ரோவேவும் இணைந்த இரட்டைத் தொழில்நுட்பச் சென்சார் உதவும்; இரண்டும் ஒருசேர உணர்ந்தால்தான் அது அலாரம் கொடுக்கும். சென்சாரின் உணர்திறனைக் குறைத்துவிடுங்கள் என்று யாரேனும் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தகரக் கூரைக் கிடங்கு என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பாதுகாப்பு நிலையைப் போலவே சுற்றுச்சூழல் வகுப்பு என்று தனியாக நான்கு உண்டு. அவற்றில் முதல் வகுப்பு வீடு, அலுவலகம் போன்ற மிதமான உட்புறங்களுக்கானது. அந்த வகுப்புச் சென்சாரைக் கொதிக்கும் கூரையடியில் மாட்டினால் பொய் அலாரமும் வரும், மெய்யான ஆளைத் தவறவிடவும் செய்யும். சுற்றுப்புற வெப்பம் மனித உடல் வெப்பத்தை நெருங்கும்போது பிஐஆருக்கு ஆளையும் பின்னணியையும் பிரித்தறிவது கடினம். நிலையை உயர்த்தும் செலவில் வகுப்பை உயர்த்துங்கள்.

கேள்வி: மருந்துக் கடையில் இரவில் ஒரே ஒரு பணியாளர்தான் இருப்பார். அலாரத்தை முடுக்கிவிட்டு எப்படி வேலை செய்வது?

பதில்: அவருக்கு வேண்டியது அபாயப் பொத்தான். மற்றச் சென்சார்கள் முடுக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 24 மணி நேரமும் விழித்திருக்கும்படி அதைத் தனியாக இணைக்க வேண்டும். அழுத்தினால் சைரன் ஒலிக்கக் கூடாது. செய்தி மட்டும் வெளியே போக வேண்டும். கத்தியுடன் எதிரே நிற்பவனைத் திடுக்கிட வைப்பதால் ஆபத்து உங்கள் பணியாளருக்குத்தான். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் மட்டுமே வேலை செய்யும் வகையைக் கல்லாவுக்கு அடியில் வைத்தால், முழங்கால் இடித்துக் காவலர்களை வரவழைக்கும் சங்கடமும் நேராது.

கேள்வி: எட்டு ஆண்டு பழைய அலாரம். சில வாரங்களாகக் கீபேட் இடைவிடாமல் கீச்சிடுகிறது. பார்க்க வந்தவர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு மேல்நிலைக்குப் போகச் சொல்கிறார்.

பதில்: அதற்கு முன் பேனல் பெட்டிக்குள் இருக்கும் பேட்டரியை மாற்றிப் பாருங்கள். அங்கே வழக்கமாக இருக்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் 3 முதல் 5 ஆண்டுகள்தான். உங்களுடையது ஒருமுறையும் மாற்றப்படவில்லை என்றால் கீச்சொலிக்கான காரணம் பெரும்பாலும் அதுவே. செய்தி அனுப்பும் கருவி 2ஜி வலையமைப்பை நம்பியிருந்தால் அதை மட்டும் மாற்ற வேண்டியிருக்கலாம். பல நாடுகளில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டு வருகிறது. உங்கள் வீட்டிலோ தொழிலிலோ எட்டு ஆண்டுகளில் திருடனை ஈர்க்கும்படி எதுவும் புதிதாகச் சேரவில்லை என்றால் நிலையை உயர்த்தக் காரணம் இல்லை. புதுப் பேட்டரி போட்டதும் மின் இணைப்பை ஓர் இரவு முழுவதும் நிறுத்திவைத்து, காலையில் கீபேட் விழித்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய தேதியைப் பேட்டரியின் மேலேயே அழியாத மையில் எழுதிவிடுங்கள்.