மூண்டு பேர் ஐந்து நட்சத்திரம் போட்டும் நான் ஏன் கீழ?

காசு தாற சில எழுத்துத் தளங்களில ஒருதர் எழுதினதை அங்க எழுதுற மற்ற ஆக்களே மதிப்பிடுவினம். அந்தப் புள்ளியை வைச்சுத்தான் காசும் வரும். நான் எட்டு வருசமா அப்பிடி எழுதியும் மதிப்பிட்டும் வாறன். கிளிநொச்சியில எங்கட எழுத்துக் குழு ஆக்கள் அனுப்பின கேள்வியளுக்குப் பதில் கீழ இருக்கு.

மல்லாவித் தங்கச்சி: என்ர கட்டுரைக்கு மூண்டு பேர், மூண்டு பேரும் ஐந்து நட்சத்திரம். 4.4 எடுத்த கட்டுரை எனக்கு மேல நிக்குது. ஏமாத்தோ?

ஏமாத்து இல்லை, தங்கச்சி. அந்த மூண்டு பேரில ஒராள் உங்கட மச்சாளா இருந்தா? (சிரிக்காதேங்கோ.) அதுக்குத்தான் நல்ல தளங்கள் எல்லாக் கட்டுரைக்கும் முதலே கொஞ்சம் கற்பனை வாக்குப் போட்டு வைக்கும். தளத்தின்ர சராசரி 3.8, அதே சராசரியில கற்பனை வாக்கு 10 எண்டு வைப்பம், அது 38 புள்ளி. உங்கட 15ஓட 38ஐக் கூட்டினா 53. 13ஆல பிரிக்க 4.08. மற்றவருக்கு 60 பேர் 4.4 போட்டிருந்தா 264உம் 38உம் 302. 70ஆல பிரிக்க 4.31. வாக்குக் கூடக் கூட கற்பனை வாக்கு கரைஞ்சு போகும். இந்தக் கணக்கு இல்லாத தளத்திலதான் மூண்டு மச்சாள்மார் இருக்கிறவர் முதலாம் இடத்தில நிப்பார்.

முறிகண்டி அண்ணை: என்னோட போட்டிக்கு எழுதுற ஆக்களே வேணுமெண்டு குறைச்சுப் போடுகினம்.

அண்ணை, நோயின்ர வேரைப் பிடிச்சிட்டியள். இரணைமடுக் குளத்தில சிறுபோகத்துக்குத் தண்ணி காணாட்டி கூட்டம் வைச்சு ஆருக்கு எத்தினை ஏக்கர் எண்டு பிரிக்கிறம். அந்தக் கூட்டத்தில, "பக்கத்து வயல்காரன் நல்லாச் செய்யிறானோ? அவனுக்குக் குறையிறது உனக்கு வரும்" எண்டு என்னட்டக் கேட்டா நான் என்ன சொல்லுவன்? மாசக்கடைசியில ஒரே தொகையை எல்லாருக்கும் பங்கிடுற தளம் இதைத்தான் கேக்குது.

நானும் செய்தனான். ஒடியல் கூழைப்பற்றி ஒருதர் அருமையா எழுதினவர். நானும் அதே கிழமை கூழைப்பற்றித்தான் எழுதியிருந்தன். இரண்டு நட்சத்திரம் போட்டன். கூடாத மனுசன் இல்லை நான். ஆனா அந்த ஒழுங்கு என்னை அப்பிடி ஆக்கினது.

அதால, ஒரே பங்கில நிக்கிற ஆக்களை ஒருதரை ஒருதர் மதிப்பிட விடக்கூடாது. சமையல் எழுதுறவர் பயணக் கட்டுரைக்குப் புள்ளி போடட்டும். பேரை மறைச்சுக் குடுக்கவும் வேணும். பழிக்குப்பழி ஆக்களுக்கும் வழி இருக்கு: தங்க வீடு வாடகைக்குப் பிடிச்சுத் தாற ஏர்பிஎன்பி தளம் 2014இல, வீட்டுக்காரரும் தங்கினவரும் எழுதி முடிக்கும்வரை, இல்லாட்டி 14 நாள் முடியும்வரை, ஒருதர் எழுதினதை மற்றவருக்குக் காட்டாம வைச்சது.

அதே அண்ணை: அப்ப குறைச்சுப் போடுற வசதியையே எடுத்தா?

வேண்டாம். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ எண்ட கணினி நிரல் கேள்வி-பதில் தளத்தில ஒரு பதிலைக் கீழ இறக்கினா, இறக்கினவருக்கும் 1 புள்ளி போகும். அந்தளவு போதும்.

வவுனியாவில ஒரு ஆசிரியர்: நட்சத்திரத்தை விட்டிட்டு, இரண்டு கட்டுரையைப் பக்கத்தில வைச்சு எது நல்லம் எண்டு கேட்டா?

எனக்குப் பிடிச்ச முறை அதுதான், சேர். தேர்ஸ்டன் எண்ட உளவியலாளர் 1927இலேயே இதுக்குக் கணக்குப் போட்டிட்டார். மனுசருக்கு "இது எத்தினை புள்ளி" எண்டதை விட "இதோ அதோ" எண்டது லேசு. நட்சத்திரத்தில எல்லாரும் ஐந்தில போய்க் குவிவினம். யூடியூப் 2010இல நட்சத்திரத்தைத் தூக்கினதும் அதாலதான். 2006 தொடக்கம் 2014 வரை இருந்த ஹீலியம் தளத்தில ஒரே தலைப்புக் கட்டுரையளை இப்பிடிச் சோடியா வைச்சுத்தான் மதிப்பிடுவினம்.

கரைச்சல் என்னெண்டா, அலுத்துப்போன ஆக்கள் வாசிக்காமலே இடப்பக்கத்தை அமத்திக்கொண்டு போவினம். இடைக்கிடை விடை தெரிஞ்ச சோடியொண்டைச் செருக வேணும், ஒண்டு நல்லது, மற்றது வெட்டி ஒட்டினது. அதிலயும் பிழைவிடுற ஆளின்ர வாக்குக்கு நிறை குறைக்கலாம். விடைத்தாள் திருத்தேக்க ஒரு கட்டை வேறொருதரும் திருத்திப் பாக்கிற மாதிரி.

புதுக்குடியிருப்புப் பெடியள்: நாங்கள் எட்டுப் பேர். ஒருதருக்கு ஒருதர் ஐந்து போடுறம். பிழையோ?

பிழைதான், தம்பியவை. அதோட பிடிபடுவியள். 2016இல வந்த ஸ்டீமிட் எண்ட எழுத்துத் தளத்தில ஆரிட்ட அந்தத் தளத்தின்ர இணைய நாணயம் கூட இருக்கோ அவரின்ர வாக்குக்குப் பெறுமதி கூட. தனக்குத் தானே வாக்குப் போட்டும், வாக்கை விலைக்கு வாங்கியும் காசு பாத்தவை. ஒரே சோடி திரும்பத் திரும்ப வாக்குப் போட்டா அதின்ர பெறுமதி குறையுமெண்டு தளம் வைச்சா, உங்கட எட்டுப் பேர் கதை ஒரு மாசத்தில முடிஞ்சிடும்.

முல்லைத்தீவு அக்கா: வாசிச்ச நேரத்துக்குக் காசு தந்தா நியாயம்தானே?

மீடியம் எண்ட எழுத்துத் தளம் 2019இல அதுக்குத்தான் மாறினது. முதல் கைதட்டலுக்குத் தந்தது, ஒராள் ஒரு கட்டுரைக்கு 50 வரை தட்டலாம். நேரம் நல்லதுதான், அக்கா, ஆனா உங்கட பன்ரண்டு வரிக் கவிதைக்கு என்ன கிடைக்கும்?

ஒட்டுசுட்டானில இருந்து: "கதிரை", "பெடியன்" எண்டு எழுதினதை எழுத்துப்பிழை எண்டு குறைச்சுப்போட்டினம்.

எனக்கும் எங்கட பக்கச் சொல்லான "கச்சான்" எண்டதுக்குப் புள்ளி குறைஞ்சது. மதிப்பிட்டவர் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்திருப்பார், அவரில கோபமில்லை. மொத்தமா ஒரு புள்ளி கேக்கிறதாலதான் இது நடக்குது. மொழி, தகவல், ஓட்டம் எண்டு பிரிச்சுக் கேக்க வேணும். மொழியில குறைக்கிறவர் எந்தச் சொல்லெண்டு தொட்டுக் காட்ட வேணும். காட்டினா எழுதினவர் மறுப்பு எழுதலாம், அதை இன்னொருதர், முடிஞ்சா எங்கட பக்கத்து ஆள், பாக்கலாம்.

அடைப்புக்குள்ள "வேர்க்கடலை" எண்டு போட்டா புள்ளி கூடுமெண்டு எனக்குச் சொன்னவை. நான் போடேல்லை. கதையில கச்சான் விக்கிற ஆச்சி அப்பிடிக் கதைக்கமாட்டா.