டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய கப்பல் பயண நூல்: படங்கள் கையால் வரைந்தவையா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தாத்தாவின் டிரங்குப் பெட்டியிலிருந்து, ஆனி பிராசி எழுதிய ‘சன்பீம்’ கப்பலின் உலகப் பயண நூல் கிடைத்ததாகவும், படங்கள் கையால் வரைந்தவையா, விலை போகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கையால் வரைந்தவை அல்ல, மரச்செதுக்கு அச்சு. கெட்டியான மரத்தின் குறுக்கு வெட்டில் கோடுகளைச் செதுக்கி, ஈய எழுத்துகளோடு சேர்த்தே அச்சடிப்பார்கள். அதனால்தான் பல படங்கள் பத்திகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கின்றன. செப்புத்தகட்டுப் படமென்றால் பெரும்பாலும் தனித்தாளில் வரும். ஓரத்தில் தகடு அழுத்திய பள்ளம் விரலில் தட்டுப்படும். பூதக்கண்ணாடி வைத்து வானத்தைப் பாருங்கள். சாம்பல் பூச்சு என்று நினைத்தது அத்தனையும் மயிரிழைக் கோடுகளாகப் பிரியும்.

பிராசி குடும்பம் 1876 ஜூலையில் புறப்பட்டு 1877 மே மாதம் திரும்பியது. வழியில் இலங்கையிலும் இறங்கினார்கள். அந்த அத்தியாயத்தில் இன்றைய தேயிலை மலைகளைத் தேடி ஏமாறாதீர்கள். அது இன்னும் கோப்பிக் காலம்.

விலையா? 1878இல் வெளிவந்து பல பதிப்புகள் கண்ட நூல். லட்சக் கனவு வேண்டாம்.

நம் மலைப்பனிதான் இதற்கு எமன். ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பூஞ்சணம் கண்டால் வெயிலில் காயப்போடாமல், காற்றாட நிழலில் விரித்து, உலர்ந்த மென்தூரிகையால் துடையுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம். என் பழைய பஞ்சாங்கத்தில் அதை ஒட்டிய இடமெல்லாம் இன்று தேயிலைச் சாயம் போலப் பழுப்பேறி நிற்கிறது.